மணி மருந்துக்குப் பக்கத்தில் காய்ந்த பேட்டரிகள்

போன மாதம் எம். புதுப்பட்டியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் இப்போது கேட் செக்கிங் பார்க்கும் இரண்டு பெண்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "எக்கா, அப்பல்லாம் கேட்டுல செல்போன வாங்கி வச்சா பேட்டரியக் கழட்டித் தனியா வப்பீகளாமே. எதுக்கு அம்புட்டு மெனக்கெட்டீக?"

இப்போது வரும் போன்களில் பேட்டரியைக் கழற்றவே முடியாது. அதனால் அவளுக்கு அது ஏதோ கிறுக்குத்தனமாகத் தெரிந்திருக்கும். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அது பந்தியில் உட்கார்ந்து சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லை. பின்னால் ஆட்கள் வேறு இடம்பிடிக்க நின்றுகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அதிலேயே சுற்றிக்கொண்டிருந்ததால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கேட் செக்கிங் என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. காலையில் வேலைக்கு வரும் பெண்களை ஒவ்வொருத்தியாக நிறுத்தி, தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்து உள்ளே விட வேண்டும். கொண்டை ஊசி, சேலையில் குத்தும் ஊக்கு, இரும்புச் சாவி, தீப்பெட்டி எதுவும் உள்ளே போகக் கூடாது. உரசினால் பொறி வரும் என்பதால் நைலக்ஸ் சேலை கூடாது. செருப்பு கேட்டோடு சரி. எனக்கு முன்னால் இந்த வேலை பார்த்த அம்மா ஒரு நாள் காலையில் எப்படிப் பார்ப்பது என்று செய்து காட்டினார். மத்தியானம் என்னைப் பார்க்கச் சொன்னார். மறுநாள் அவர் வரவில்லை. என்னுடைய டிரெயினிங் அதோடு முடிந்தது.

ஆண்களைச் சோதிக்கிற வேலை வாட்ச்மேன் கருப்பசாமி அண்ணனுக்கு. அவர் அதற்கு முன்னால் இருபது வருடத்துக்கு மேல் காயப்போடும் மேடையில் வேலை பார்த்தவர். பேன்சி வெடிகள் வானத்தில் போய்ப் பச்சையும் சிவப்புமாகப் பூக்கிறதே, அதற்குள் இருப்பது மணி மருந்து. கடலைப் பருப்பு அளவுக்கு உருட்டிய உருண்டைகள். ஈரமாக உருட்டியதை சிமெண்டு மேடையில் காகிதம் விரித்துப் பரப்பி, வெயிலில் பக்குவமாகக் காயவைக்க வேண்டும். அந்தப் பக்குவத்தில் கருப்பசாமி அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. முழங்கால் வலி வந்து குனிய முடியாமல் போன பிறகுதான் அவரைக் கேட்டுக்கு மாற்றினார்கள்.

மருந்து என்று இல்லை, எது நனைந்தாலும் அவர் கை தானாக அதை எடுத்து வெயிலில் வைத்துவிடும். லேபிள் கட்டு, காகிதக் குழாய், அடுத்தவர் துண்டு எல்லாம் இதில் சேர்த்தி. எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாருக்குமே அந்தப் பழக்கம் உண்டு. வெயிலை நம்பிப் பிழைக்கிறவர்கள் நாங்கள். அண்ணனுக்கு அது கொஞ்சம் கூடுதல். தூறல் விழுந்து ஓய்ந்தால் போதும், மனுஷன் எதையாவது தூக்கிக்கொண்டு வெயிலைத் தேடிப் போவார். நான் கேலி செய்வேன். "என்னையும் ஒருநா காயப்போட்ருவீக போலயே அண்ணே" என்பேன்.

அவருடைய மகள் முத்துமாரி மணி மருந்து உருட்டும் அறையில் இருந்தாள். அவள் புருசன் கேரளாவில் கட்டட வேலை. அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இரண்டு பேர் சம்பளத்தில்தான் அவளுடைய பிள்ளைகள் படித்தன.

எங்களுக்கெல்லாம் மேலே போர்மேன் சங்கரலிங்கம் அய்யா. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. சத்தம் போட்டும் பார்த்ததில்லை. மருந்து அறைக்குள் போகிற எவரும் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக. அய்யா ஒரு நாளைக்கு எத்தனை தடவை உள்ளே போனாலும் அத்தனை தடவையும் நின்று, உள்ளங்கை முழுவதையும் தகட்டில் வைத்து எடுத்துவிட்டுத்தான் போவார். ஒரு விரலால் தொட்டுவிட்டு ஓடுகிறவர்களைத் திரும்ப வெளியே வரச் சொல்வார். தடைசெய்த பொருளை உள்ளே கொண்டுவந்து பிடிபட்டவர்களை, "சாப்பிட்டீகளா" என்று கேட்கிற அதே குரலில், "நாளையிலருந்து வர வேண்டாம்" என்பார். கெஞ்சினாலும் அழுதாலும் மறு பேச்சு இல்லை. அப்படி வெளியே போனவர்களை வட்டாரத்தில் வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்காது. எனக்கு அவரிடம் பயம் உண்டு. மரியாதையும் உண்டு. இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடத்தில் செல்போன் எங்கள் பெண்கள் கைக்கும் வந்துவிட்டது. போன் உள்ளே போகக் கூடாது என்று அய்யா சொல்லிவிட்டார். அதை வாங்கி வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஆளுக்கு ஒரு நம்பர். சிவகாசி அச்சகங்களில் கழித்துப் போடும் லேபிள் துண்டில் நம்பர் எழுதிப் போனில் ஒட்டுவேன். ஒரு தகரப் பெட்டியில் போட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைத்தேன். சித்திரை வெயிலில் அந்தப் பெட்டியை மத்தியானம் தொட்டால் கை பொத்துப்போகும். அது அப்போது உறைக்கவில்லை.

கொஞ்ச நாளில் சண்டை ஆரம்பித்தது. "எக்கா, ஒங்க பெட்டியில வச்சதுலருந்து எம்போனுல சார்ஜு நிக்க மாட்டேங்கு." "பின்னால மூடி மூட மாட்டேங்கு, உள்ள என்னமோ உப்பிப்போயி இருக்கு." ஏதோ நான் ராத்திரி அவர்கள் பேட்டரிக்குள் காற்றடித்த மாதிரி பேசினார்கள். ஒரு விடுமுறை நாளில் உப்பிய பேட்டரி ஒன்றை எடுத்துக்கொண்டு சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பேட்டரியை வாங்கி, மேசைமேல் வைத்து விரலால் சுண்டினார். அது பம்பரமாகச் சுற்றியது. "நல்ல பேட்டரி சுத்தாதுக்கா, ஒட்டிப் படுத்திருக்கும். சுத்துச்சுன்னா வயிறு உப்பிருச்சுன்னு அர்த்தம். அப்புறம் அதுல சார்ஜு போடாதீக, குத்தாதீக, அமுக்காதீக" என்றார். என்னை முகர்ந்து பார்க்கச் சொன்னார். ஓரத்தில் லேசாகப் பிளந்திருந்தது. நகப்பூச்சு டப்பாவைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு இனிப்பு வாடை. "இந்த வாட வந்தா கைல வச்சிருக்காதீக" என்றார்.

அன்று அவர் சொன்னது எல்லாம் நாங்கள் செய்துகொண்டிருந்ததற்கு நேர் எதிர். போன் தானாக அணைகிற வரைக்கும் ஓட்டிவிட்டு, அப்புறம் விடிய விடியச் சார்ஜில் போட்டுத் தலையணைக்குக் கீழே வைப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். அது பழைய காலத்துப் பேட்டரிக்குச் சொன்ன வைத்தியமாம். இந்த லித்தியம் பேட்டரிக்குப் பட்டினியும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. பாதிக்குக் கீழே கொஞ்சம் இறங்கினதும் போடு, நிரம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் எடு. அதற்கான சார்ஜரிலேயே போடு. எல்லாவற்றுக்கும் மேலே, சூடு ஆகவே ஆகாது. நிறைந்த சார்ஜோடு வெயிலில் கிடப்பதுதான் அதற்கு எமன்.

வந்ததும் தகரப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, தச்சரிடம் சொல்லி அறை அறையாகத் தடுத்த மரப்பெட்டி ஒன்று செய்யச் சொன்னேன். கேட் கொட்டகையின் வடக்குச் சுவரோரம், வெயில் படாத இடத்தில் வைத்தேன். பெண்களைச் சோதிக்கும்போதே, "ராத்திரி எம்புட்டு நேரம் சார்ஜுல கெடந்துச்சு" என்று கேட்பேன். "ஒனக்கு எதுக்குக்கா என் வீட்டு ராத்திரிக் கதை" என்று ஒருத்தி திருப்பிக் கேட்டு வரிசையே சிரித்தது. ஆனால் பேட்டரி உப்புவது குறைந்தது.

கழற்றி வைக்கும் வழக்கம் வந்தது அய்யாவால். ஒரு நாள் அணைத்து வைத்திருந்த போன் ஒன்று தானாக உயிர் பெற்று அலாரம் அடித்தது. அந்தக் காலத்துப் போன்களுக்கு அந்தக் குணம் உண்டு. அய்யா பெட்டியருகே வந்து நின்று அது அடித்து ஓய்கிற வரை பார்த்தார். "அணைச்ச பெறகும் அடிக்குதுன்னா அது அணையல. பேட்டரியக் கழட்டிருங்க" என்றார். அன்றிலிருந்து போன் ஒரு அறை, பேட்டரி ஒரு அறை, இரண்டுக்கும் ஒரே நம்பர்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு முந்தைய சீசன். ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் காற்றோடு மழை அடித்தது. கொட்டகையின் ஓரத்துக் கூரைத் தகடு ஒன்று பிய்ந்து தொங்க, மரப்பெட்டி நனைந்துவிட்டது. அதை நான் கவனிக்கும் முன்னால் அய்யா என்னைக் கூப்பிட்டு, மேடையிலிருந்து மருந்தை அள்ளப் போய் நனைந்த பெண்களுக்குச் சாப்பாட்டுக் கொட்டகையில் மாற்றுப் பருத்திச் சேலை கொடுக்கச் சொன்னார். போய்விட்டேன். மழை வந்த வேகத்தில் நின்றது. சுள்ளென்று வெயில் வந்தது. மணி மருந்தை மறுபடி மேடையில் பரப்பினார்கள்.

நான் திரும்பி வந்தபோது பெட்டி காலியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. போன்களைத் துடைத்துத் துணியில் வரிசையாக வைத்திருந்தார் கருப்பசாமி அண்ணன். பேட்டரி ஒன்றைக்கூடக் காணோம்.

"பேட்டரியெல்லாம் எங்கண்ணே?"

"அம்புட்டும் நனஞ்சு போச்சு தாயி. மேடையில காயப்போட்ருக்கேன். முத்துமாரி வீட்டுக்காரரு இன்னிக்குச் சாயங்காலம் போன் பண்ணுவாரு. அதுக்குள்ள காஞ்சிரும்."

எனக்கு ஒரு உபகாரம் செய்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.  ஓடக் கூடாது என்பது உள்ளே விதி. போர்மேன் அய்யா இருந்த இடம் வரைக்கும் நடந்தே போனேன். அந்த நடையை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

அய்யா நான் சொன்னதைக் கேட்டார். எழுந்து மேடைக்கு நடந்தார். மேடையில் ஒரு பாதியில் மணி மருந்து. மறு பாதியில், ஒரு ஆள் படுக்கிற இடைவெளி விட்டு, நனைந்த பேட்டரிகள். எல்லாம் வரிசை பிசகாமல், ஒன்றுக்கொன்று சம இடைவெளியில் இருந்தன. இரண்டு பக்கமும் சீராகக் காய வேண்டும் என்று ஒரு தடவை திருப்பிக்கூடப் போட்டிருக்கிறார். சிமெண்டு கொதித்தது. பக்கத்து அறைகளில் முத்துமாரியும் மற்றப் பெண்களும் மருந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

அய்யா ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று, "கைல உள்ளத அப்படியே வச்சிட்டு வெளிய வாங்க. மெதுவா வாங்க. கேட்டுக்குப் போயி உக்காருங்க" என்றார். காப்பி குடிக்கக் கூப்பிடுவது மாதிரிதான் இருந்தது. அவர்களும் அப்படித்தான் போனார்கள். எல்லாரும் போன பிறகு என்னிடம் கேட்டார்.

"இது சூடேறுனா என்ன பண்ணும்?"

"உப்புனது இருந்தா தீப்பிடிக்கும்யா. தண்ணி வேற உள்ள போயிருக்கு."

"மருந்து காய ஆரம்பிச்சிருச்சு, இனி அள்ள முடியாது. அள்ளுனா உரசும். இங்கன தண்ணியும் ஊத்த முடியாது. பேட்டரியத்தான் எடுக்கணும். நீங்க போங்க."

"எது உப்புனதுன்னு எனக்குத்தான்யா தெரியும்" என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. அவர் தலையாட்டினார்.

கூடை மாதிரி முடைந்த இரண்டு ஓலைக் கடகம் எடுத்து வந்தார். தீயணைக்க வாளியில் வைத்திருந்த காய்ந்த மணலைப் பாதி அளவுக்குப் போட்டோம். மருந்துக்கு மிக அருகில் இருந்த வரிசையிலிருந்து ஆரம்பித்தோம். சிமெண்டில் இழுக்காமல், நேர் மேலாகத் தூக்கி, ஒன்றோடு ஒன்று உரசாமல் மணலில் பதித்து வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் சுட்டது. கடைசி வரிசைக்கு வந்தபோது அந்த இனிப்பு வாடை அடித்தது. அய்யாவுக்கும் மூக்கு சுருங்கியது. மருந்து வாடை எல்லாம் அவருக்கு அத்துப்படி. இது எதிலும் சேராதது.

"எது?"

வயிறு வீங்கி, ஓரம் பிளந்து ஒன்று இருந்தது. மேலே ஒட்டியிருந்த லேபிளில் முத்துமாரியின் நம்பர். அய்யா அதைத் தானே எடுத்தார். தனிக் கடகத்தில் மணலுக்கு மேல் வைத்து, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, வெடித்தால் தடுக்க எழுப்பியிருந்த மண்மேட்டைத் தாண்டிக் கழிவு எரிக்கும் குழிக்கு நடந்தார். அப்போதும் ஓடவில்லை. குழியில் இறக்கி வைத்துவிட்டு நாலைந்து எட்டு பின்னால் வந்திருப்பார். சீறிப் புகைந்து, பிறகு தீ ஆளுயரத்துக்கு எழும்பி அடங்கியது. ஓலைக் கடகம் சாம்பல்.

அய்யா அதைத் தொழில்காரனாகத்தான் பார்த்தார். "மருந்தே போடாம இம்புட்டு எரியுதே" என்றார். 

கேட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் பரவிவிட்டது. கருப்பசாமி அண்ணன் தனியாக நின்றார். முத்துமாரி அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அய்யா என்ன சொல்லப் போகிறார் என்று எங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் அடுப்பு பாதியாகிவிடும் என்பதும் தெரியும். நான் அண்ணனுக்காகப் பேச வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அய்யா அவர் முன்னால் போய் நின்றார்.

"ஏன் அங்கன வச்சீக?" என்று அய்யா கேட்டார்.

"நனஞ்சா காயப்போடணும்னுதான்யா எனக்குத் தெரியும்."

அய்யா எங்கள் எல்லாரையும் பார்த்தார். "ஒங்கள்ள யாராவது இருந்தா வேற எங்கனயாவது வச்சிருப்பீகளா?"

 பின்வரிசையில் ஒரு அம்மா, "நானும் அங்கனதான்யா வச்சிருப்பேன்" என்றார். இன்னொருத்தி தலையாட்டினாள். அப்புறம் பல தலைகள் ஆடின.

அய்யா ஆபீசுக்குள் போய் முதலாளிக்குப் போன் போட்டார். சன்னல் திறந்திருந்ததால் எங்களுக்குக் கேட்டது. அந்தப் பக்கம் சத்தம் பலமாக இருந்திருக்க வேண்டும், இவர் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தார். கடைசியில், "கழட்டச் சொன்னது நான். கழட்டுன பேட்டரிய என்ன செய்யக் கூடாதுன்னு நான் சொல்லல. ஆள அனுப்புறதுன்னா என்னையும் சேத்து அனுப்பணும்" என்றார். வெளியே வந்து, "கருப்பசாமி, போயி வேலையப் பாருங்க" என்றார்.

அவர் யாரையும் மன்னித்து நாங்கள் பார்த்ததே இல்லை. எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

கருப்பசாமி அண்ணன் நகரவில்லை.

"அய்யா, நீங்க விட்டுட்டீக. என் கை விடாதுய்யா. நாளைக்கு வேற என்னமும் நனஞ்சா, நான் யோசிக்கிறதுக்கு முன்ன இந்தக் கை அங்கன கொண்டு போயி வச்சிரும். கைப் பளக்கம் அப்படி. எம்மக அங்கன உக்காந்திருக்கா. நான் வரல."

 நான் பொறுக்க மாட்டாமல், "என்னண்ணே, வேல இருக்குன்னு அவுகளே சொல்றாக. வீட்டுல என்ன செய்வீக?" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டினார். அய்யா அவரோடு மெயின் ரோடு வரைக்கும் நடந்து போனார். பஸ் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் நின்றது எங்களுக்குத் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. தானாக வந்த சோற்றை இப்படித் தள்ளிவிட்டுப் போகிறாரே என்று ஆத்திரம். பிறகு அவர் விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் வேலைக்குப் போனார். காயப்போடுகிற வேலைதான். அங்கே அவர் கை என்ன செய்தாலும் பருப்புக்கு ஒன்றும் ஆகாது. அந்த விவேகம் எனக்குப் புரிய நாள் பிடித்தது. அந்தச் சமயத்தில் வருத்தம் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலையில் முத்துமாரி வரிசையில் வந்தாள். ஆண்கள் பக்கம் போர்மேன் அய்யாவே நின்று சோதித்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தாள். வேறு யாரிடமோ இரவல் வாங்கிய பேட்டரி போட்டிருந்தாள். அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல் நின்றாள்.

"எக்கா, இத எங்கன வப்பீக?"

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. பின்னால் வரிசை நின்றது. நான் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மரப்பெட்டியைக் காட்டினேன். புதுத் தகடு போட்ட கூரையைக் காட்டினேன். சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், குளிர்ச்சியாக இருந்தது. அவள் பேட்டரியைத் தன் நம்பர் போட்ட அறையில் தானே வைத்தாள். பக்கத்தில் இருந்த பேட்டரியோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"அப்பா ராத்திரி பூரா கேட்டுக்கிட்டே இருந்தாரு, இனி எங்கன வப்பாகன்னு. போயிச் சொல்லணும்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்து நின்றவளைத் திரும்பச் சொல்லி, அவள் கொண்டையில் ஊசி இருக்கிறதா என்று வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.